எல்லாத் தளங்களிலும் அதுதான் இருக்கிறது

“நான் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எல்லாத் தளங்களிலும் அதுதான் இருக்கிறது.” நண்பர் ஒருவர் ஒரு சிறு வாக்குவாதத்தின் முடிவில் இப்படிச் சொன்னார். வாக்குவாதம் அற்பமானது: ஆரோக்கியமான ஒருவர் நாளொன்றுக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டுமா என்பது. எட்டு என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன். அவர் கைப்பேசியை எடுத்துத் தேடி, வந்த முடிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து என் முன் நீட்டினார். ஒரு மருத்துவமனையின் தளம், ஓர் உடற்பயிற்சித் தளம், ஒரு நாளிதழின் வாழ்வியல் பகுதி, தண்ணீர் வடிகட்டி விற்கும் நிறுவனம் ஒன்றின் தளம். எல்லாவற்றிலும் எட்டு. கடைசித் தளத்தைக் கண்டு நான் சிரித்ததை அவர் ரசிக்கவில்லை.

எட்டு சரியா தவறா என்பது அதன் பிறகு எனக்கு முக்கியமாகத் தோன்றவில்லை. அவருடைய முறையில் குறை சொல்ல எதுவும் இல்லை என்பதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் படித்ததை அப்படியே நம்பாதே, நாலு இடத்தில் ஒப்பிட்டுப் பார் என்று நாம்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறோம், குடும்பக் குழுவில் வதந்தியை அனுப்பும் பெரியவர்களுக்கும் அதையே சொல்கிறோம். அவர் அந்த அறிவுரையைச் சொன்னபடி, சொன்னதற்கும் மேலாகவே, நிறைவேற்றியிருந்தார். அப்படியிருந்தும் அவர் கையில் இருந்தது அறிவாக எனக்குத் தெரியவில்லை. ஏன் அப்படித் தோன்றியது என்று உடனே விளக்க முடியாததால், அந்தப் பேச்சு அன்றோடு முடியாமல் எனக்குள் நீண்டுகொண்டே போனது.

சாட்சிகளின் எண்ணிக்கை

நாலு இடத்தில் ஒப்பிட்டுப் பார் என்னும் அறிவுரைக்குள் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த நால்வரும் ஒருவரை ஒருவர் கேளாமல், தனித்தனியே அறிந்தவர்களாக இருக்க வேண்டும். ஒரு விபத்தை நான்கு பேர் நேரில் கண்டு ஒரே விவரத்தைச் சொன்னால் அதற்கு எடை உண்டு. ஒருவர் மட்டும் கண்டு, மற்ற மூவரும் அவரிடம் கேட்டதைத் திருப்பிச் சொன்னால், வாய்கள் நான்கு என்றாலும் சாட்சி ஒருவர்தான். இணையத்தில் ஒரு பொதுவான கேள்விக்கு முதலில் வரும் பத்துப் பக்கங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவை எழுதப்படும் விதத்தை அறிந்தால் இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. கட்டுரையாளர் ஒருவருக்குத் தலைப்பொன்று கொடுக்கப்படுகிறது. அவகாசம் சில மணி நேரம். அவர் செய்யும் முதல் வேலை அந்தத் தலைப்பையே தேடுபொறியில் இடுவது. ஏற்கெனவே முதல் பக்கத்தில் இருக்கும் கட்டுரைகள் எந்தெந்தத் துணைத்தலைப்புகளைத் தொட்டிருக்கின்றன, எந்தச் சொற்களைப் பயன்படுத்தியிருக்கின்றன, எவ்வளவு நீளம் என்பதை அலசிக் கொடுக்க மென்பொருள்களே உள்ளன. அவற்றைப் பின்பற்றிப் புதிய வாக்கியங்களில் எழுதினால் அந்தக் கட்டுரையும் முதல் பக்கத்துக்கு வருகிறது. அடுத்து எழுதுபவர் இதையும் சேர்த்துப் படிக்கிறார். இப்படியாக முதல் பக்கம் தன்னையே படித்துத் தன்னையே எழுதிக்கொள்கிறது.

தேடுபொறியைக் குறை சொல்வது எளிது. ஆனால் உண்மை எது என்று கண்டுபிடிக்கும் வேலையை அது ஒருபோதும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறையின் அடிப்படை, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்களின் மதிப்பு என்ன என்பதைக் கொண்டு தரவரிசைப்படுத்துவது. மக்கள் தாமாக விரும்பிச் சுட்டி கொடுத்த காலத்தில் அது அருமையான யோசனை. சுட்டிக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்த நாள்முதல் சுட்டிகள் விற்பனைக்கு வந்தன; தரமற்ற பக்கங்களைக் கீழே தள்ள 2011இல் பாண்டா என்றும், செயற்கையான சுட்டிகளை ஒடுக்க 2012இல் பென்குயின் என்றும் பெயரிட்ட மாற்றங்களைக் கூகுள் கொண்டுவர வேண்டியிருந்தது. விளம்பரத்தை நம்பி நடக்கும் தேடுபொறி பயனரின் தேவையைவிட விளம்பரதாரரின் பக்கம் சாயும் என்று அந்த இருவரும் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள் என்பது தனி வேடிக்கை. 2000இல் அவர்களே விளம்பரம் விற்கத் தொடங்கினார்கள். பொருள் மதிப்புரைகளுக்கான ஆயிரக்கணக்கான தேடல்களை ஓராண்டு கண்காணித்து ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களது கூட்டாளிகளும் 2024இல் வெளியிட்ட ஆய்வு, மேலே வரும் பக்கங்கள் சராசரியாகத் தேடுபொறிக்கென்றே அதிகம் செதுக்கப்பட்டவை, சொடுக்கி வாங்கினால் தளத்துக்குத் தரகு தரும் சுட்டிகள் மிகுந்தவை, எழுத்துத் தரத்தில் தாழ்ந்தவை என்று கண்டது. தேடுபவர் எல்லோரும் ஏற்கெனவே உணர்ந்திருந்ததை அந்த ஆய்வு அளந்து காட்டியது.

ஆங்கிலத்தை விட்டுத் தமிழில் தேடினால் இந்த வட்டத்திலிருந்து தப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது இதற்கு மாறானது. இணையத்தில் எழுத்து குறைவாக உள்ள மொழிகளில், இருப்பதில் பெரும் பகுதி இயந்திரத்தால் மொழிபெயர்க்கப்பட்டதே என்று 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதிலும் இப்படிப் பல மொழிகளுக்குப் பெயர்க்கப்படுவது நல்ல கட்டுரைகள் அல்ல. விளம்பர வருமானத்துக்காக எழுதப்பட்ட சாரமற்ற பக்கங்கள். ஆகவே இரண்டு மொழிகளில் ஒரே செய்தி கிடைத்தால் அது இரு தனி ஆதாரங்கள் என்று எண்ணுவதற்கில்லை.

எண்ணின் பின்னால் போனபோது

நண்பர் போன பிறகு நானும் அதே தேடலைச் செய்தேன். எட்டு டம்ளர் அவசியமா என்று கேட்டபோது, ஆம் என்ற பக்கங்களும் இல்லை என்ற பக்கங்களும் கலந்து வந்தன. இல்லை என்றவை என் கட்சி என்பதால் மகிழ்ச்சியோடு திறந்தேன். அவற்றிலும் “ஆய்வுகள் கூறுகின்றன” என்ற தொடர் இருந்ததே தவிர, எந்த ஆய்வு என்று இல்லை. ஆதாரம் காட்டாத இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே நின்றன. நான் எனக்குப் பிடித்த கூட்டத்தின் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நண்பருக்கும் எனக்கும் அந்த நிலையில் வேறுபாடு ஏதும் இல்லை.

அப்போது கேள்வியை மாற்றினேன். எட்டு டம்ளர் நல்லதா, அவசியமா என்பதை விட்டுவிட்டு, எட்டு டம்ளர் என்று முதன்முதலில் சொன்னவர் யார், எந்த ஆண்டில், எந்தச் சூழலில் என்று தேடினேன். வந்த முடிவுகளின் இனமே மாறிவிட்டது. நன்மைகளைப் பட்டியலிடும் பக்கங்கள் கீழே போய், பெயர்களும் ஆண்டுகளும் உள்ள பக்கங்கள் மேலே வந்தன. சிறுநீரக உடலியங்கியல் அறிஞரான ஹைன்ஸ் வால்டின் என்ற பெயர் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. அவர் 2002இல் அமெரிக்க உடலியங்கியல் இதழில் ஒரு நீண்ட மதிப்பாய்வு எழுதியிருக்கிறார். அதன் முழு வடிவமும் இணையத்தில் படிக்கக் கிடைக்கிறது. எனக்கு எழுந்த அதே கேள்வியை ஒரு வல்லுநரின் பொறுமையோடு துருவியிருந்தார் அவர். மிதமான தட்பவெப்பத்தில், பெரும்பாலும் உட்கார்ந்தே வேலை செய்யும் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு எட்டு டம்ளர் வேண்டும் என்பதற்கு அறிவியல் சான்று எதுவும் தமக்குக் கிடைக்கவில்லை என்பது அவருடைய முடிவு. தம் முடிவு யாருக்குப் பொருந்தும் என்பதை அவர் வரையறுத்தே சொல்கிறார் என்பது நான் முதலில் கவனித்தது. கடும் வெயிலில் உழைப்பவருக்கும் சிறுநீரகக் கல் உள்ளவருக்கும் அவர் பேசவில்லை.

அந்த எண்ணின் தோற்றம் குறித்து அவர் எடுத்துக் காட்டும் இடங்களில் இரண்டு என்னை நிறுத்திவைத்தன. முதலாவது, அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் உணவு மற்றும் ஊட்டச்சத்து வாரியம் 1945இல் வெளியிட்ட பரிந்துரை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2.5 லிட்டர் நீர் பொருத்தமானது, அதாவது உண்ணும் உணவின் ஒவ்வொரு கலோரிக்கும் 1 மில்லி லிட்டர் என்கிறது அது. அத்துடன் நின்றுவிடவில்லை. இந்த அளவின் பெரும் பகுதி நாம் உண்ணும் உணவிலேயே இருக்கிறது என்று அதை அடுத்தே சொல்லியிருக்கிறது. இரண்டாவது, ஊட்டச்சத்து அறிஞர் ஃப்ரெடரிக் ஸ்டேர் 1974இல் எழுதியது. அவர் 6 முதல் 8 டம்ளர் என்றார். ஆனால் அது காபியாகவோ தேநீராகவோ பாலாகவோ இருக்கலாம், பழமும் காய்கறியும்கூட நீர் தருபவைதாம் என்றும் கூடவே சொன்னார். இரண்டு இடங்களிலும் எண் பிழைத்துக்கொண்டது, எண்ணை ஒட்டியிருந்த வாக்கியம் செத்துவிட்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஒரு செய்தி கைமாறும்போது அதில் பொய் கலக்கிறது என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். இங்கே யாரும் பொய் கலக்கவில்லை. எட்டு என்று எழுதிய ஒவ்வொருவரும் தமக்கு முந்தியவர் எழுதியதை நேர்மையாகவே எடுத்தெழுதியிருக்கிறார். எடுத்தெழுதும்போது உதிர்ந்தது நிபந்தனை மட்டும்தான்: யாருக்கு, எந்தச் சூழலில், எதையும் சேர்த்தா சேர்க்காமலா என்ற துணை வாக்கியங்கள். தலைப்பில் அவற்றுக்கு இடமில்லை. எவ்வளவு என்று கேட்டுத் தேடுபவர் ஓர் எண்ணைத்தான் எதிர்பார்க்கிறார். முடிவுகளுக்கு மேலே ஒரு பெட்டிக்குள் ஒற்றை விடையைப் பிடுங்கிவந்து காட்டும் வழக்கம் வந்தபிறகு, எண் உள்ள வாக்கியம் மேலே போகிறது, அதைக் கட்டுப்படுத்தும் வாக்கியம் மூலப் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. 2022இல் 5,600க்கும் மேற்பட்டவர்களின் உடலில் நீர் எவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படுகிறது என்பதை அளந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று, அந்த அளவு வயது, உடல் எடை, உழைப்பு, தட்பவெப்பம் ஆகியவற்றுக்கேற்பப் பெரிதும் மாறுகிறது என்று காட்டியது. அது கிட்டத்தட்ட முழுவதும் நிபந்தனைகளாலான விடை. பெட்டிக்குள் அடங்காது.

நல்ல தகவல் என்பதற்கு நான் வைத்திருந்த அளவுகோல் இதன்பின் மாறியது. எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று பார்ப்பதை விட்டு, சொல்பவர் தம் சொல்லுக்கு எல்லை போட்டிருக்கிறாரா என்று பார்க்கத் தொடங்கினேன். “இது இன்னாருக்குப் பொருந்தாது” என்ற ஒரு வாக்கியம் உள்ள பக்கத்தை எழுதியவர், மூலத்தைத் தொட்டிருப்பதற்கு வாய்ப்பு அதிகம். இது பிழையே இல்லாத சோதனை என்று சொல்லமாட்டேன். வழக்குக்கு அஞ்சி வழக்கறிஞர்கள் சேர்க்கும் பொறுப்புத் துறப்பும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும்.

கீரையும் புள்ளியும்

மூலத்தைத் தேடு என்று சொல்வதோடு இந்தக் கட்டுரை முடிந்திருக்க வேண்டும். முடியவிடாமல் செய்தது பசலைக்கீரை.

பசலையில் இரும்புச்சத்து மிக அதிகம் என்ற நம்பிக்கை எப்படிப் பரவியது என்பதற்கு ஒரு சுவையான கதை உண்டு. அந்தக் காலத்து விஞ்ஞானிகள் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டதால் உண்மையான அளவைப் போல் பத்து மடங்கு பதிவாயிற்று, கீரையைத் தின்று பலம் பெறும் பாப்பாய் என்ற கார்ட்டூன் மாலுமி பிறந்ததும் அதனால்தான் என்று அது போகும். தவறான தகவலின் ஆபத்தை விளக்குவதற்குப் பேச்சாளர்களும் ஆசிரியர்களும் இதை எடுத்துக்காட்டுவார்கள். தேடினால் நூற்றுக்கணக்கான பக்கங்கள். எல்லாத் தளங்களிலும் அதுதான் இருக்கிறது.

அந்தப் பக்கங்களில் ஆதாரம் காட்டுபவை பெரும்பாலும் 1981இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் டெரன்ஸ் ஹாம்ப்ளின் எழுதிய கட்டுரையில் போய் நிற்கின்றன. மருத்துவத்தில் நடந்த போலிகளையும் பிழைகளையும் பற்றிய கட்டுரை அது. அதற்கு முன்னால் அவர் எங்கிருந்து இதை எடுத்தார் என்று பார்த்தால், அந்தக் கதைக்கு அவர் ஆதாரமே குறிப்பிடவில்லை. குற்றவியல் ஆய்வாளரான மைக் சட்டன் 2010இல் இந்தத் தடத்தைத் துருவி, புள்ளி இடம் மாறியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும், அந்த மாலுமி கீரையைப் புகழ்ந்தது இரும்புக்காக அல்ல, வைட்டமின் ‘ஏ’வுக்காக என்றும் எழுதினார். நார்வே நாட்டு மானுடவியலாளர் ஓலே பியோர்ன் ரெக்டால் 2014இல் இந்த முழுக் கதையையும் கல்வியுலக வதந்திகள் எப்படி உருவாகின்றன என்பதற்கு உதாரணமாக்கினார். மூல நூலைப் பாராமல் மேற்கோள் காட்டாதீர்கள் என்று எச்சரிப்பதற்காகவே அறிஞர்கள் பயன்படுத்திய கதை, மூல நூலைப் பாராமல் காட்டப்பட்ட மேற்கோள். இதைப் படித்த அன்று வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தவறு என்று மறுப்பவர் மூலத்தைப் பார்த்திருப்பார் என்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். மறுப்புக்கு ஒரு கம்பீரம் உண்டு. அதைச் சொல்பவர் நம்மைவிட ஒரு படி மேலே நிற்பதாகத் தோன்றும். அந்தத் தோற்றமே அதைப் பரப்புகிறது. இதை ஒட்டிய இன்னொரு வகையும் உண்டு. 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர் விக்கிப்பீடியாவில் கோட்டி என்ற விலங்கின் பக்கத்தில், அதற்கு ‘பிரேசில் ஆர்ட்வார்க்’ என்று மறுபெயர் உண்டு எனத் தாமே கற்பித்து விளையாட்டாகச் சேர்த்தார். நாளிதழ்கள் அதைப் படித்து எழுதின, பல்கலைக்கழகப் பதிப்பக நூல் ஒன்றிலும் ஏறியது. பிறகு அப்படி அச்சானவற்றில் ஒன்று விக்கிப்பீடியாவிலேயே அந்தப் பெயருக்குச் சான்றாக வைக்கப்பட்டது. அந்த வரியை மட்டும் பார்த்து அடிக்குறிப்பைத் திறந்து சரிபார்த்தவர்கூட ஏமாந்திருப்பார். தேதியைப் பார்த்திருந்தால்தான் தப்பியிருக்கலாம்: சான்றாகக் காட்டப்படுவது, அது சான்றளிக்கும் வரிக்குப் பின்னால் வெளிவந்தது.

பக்கத்தை விட்டு வெளியேறுபவர்கள்

இணையப் பக்கம் ஒன்றின் நம்பகத்தன்மையை யார் நன்றாகக் கணிக்கிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் ஆராய்ந்தார்கள். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வில் வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், இளநிலை மாணவர்கள் 25 பேர். குழந்தை மருத்துவம் தொடர்பான இரண்டு அமைப்புகளின் பக்கங்கள் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. ஒன்று 1930இல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ். மற்றது அதிலிருந்து கருத்து வேறுபாட்டால் பிரிந்தவர்கள் 2002இல் நிறுவிய சிறு அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ். பெயரைக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறு அமைப்பின் பக்கத்தையே நம்பகமானதாகத் தேர்ந்தார்கள். ஆழ்ந்து படிப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட பேராசிரியர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் அனைவரும், அதுவும் விரைவாக, சரியாகச் சொன்னார்கள்.

பேராசிரியர்கள் பக்கத்துக்குள்ளேயே இருந்தார்கள். மேலிருந்து கீழாகப் படித்தார்கள், நடையைக் கவனித்தார்கள், மேற்கோள்கள் முறையாக உள்ளனவா என்று நோக்கினார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கம் திறந்த சில நொடிகளிலேயே அதை விட்டு வெளியேறி, புதிய தாவல்களில் அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். தேடியபோதும் முதல் முடிவைச் சொடுக்கிவிடவில்லை. பட்டியலைக் கீழ்வரை ஓடவிட்டு, யார் யார் பேசுகிறார்கள் என்று பார்த்த பிறகே ஒன்றைத் திறந்தார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்வதைக் கொண்டு அதை அளப்பது எவ்வளவு வீண் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நல்ல வடிவமைப்பையும் நேர்த்தியான அடிக்குறிப்புகளையும் விலைக்கு வாங்கலாம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தேடிப் பார்ப்பதே நோய்க்குக் காரணமாகவும் முடியும். 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வொன்றில், தவறான செய்திகளைக் கொடுத்து, இணையத்தில் தேடிச் சரிபாருங்கள் என்று சொல்லப்பட்டவர்கள், தேடாதவர்களைவிட அவற்றை நம்பும் வாய்ப்பு 19 சதவீதம் கூடுதலாக இருந்தது. செய்தியின் தலைப்பையோ முகவரியையோ அப்படியே எடுத்துத் தேடியவர்களுக்குத் தரமற்ற தளங்கள் கிடைப்பது அதிகமாக இருந்தது. மைக்ரோசாஃப்ட்டைச் சேர்ந்த மைக்கேல் கோலபியெவ்ஸ்கி 2018இல் இதற்கு விளக்கம் தந்திருந்தார்: ஒரு குறிப்பிட்ட சொற்றொடரில் நல்லவர்கள் யாருமே எழுதாதபோது அங்கே ஒரு வெற்றிடம் உண்டாகிறது, அந்தச் சொற்றொடரை உருவாக்கியவர்களே அதை நிரப்பிவிடுகிறார்கள். வதந்தியை வதந்தியின் சொற்களிலேயே தேடினால் வதந்தியைப் பரப்புபவரிடமே போய் விசாரிப்பதாகிறது. இன்ன பொருளின் நன்மைகள் என்று தேடினால் நன்மைகளும், தீமைகள் என்று தேடினால் தீமைகளும் வரிசைகட்டி நிற்பதும் இதனால்தான். விடையைக் கேள்விக்குள் வைத்துவிட்டு நாம் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

விடை சொல்லும் இயந்திரம்

இப்போது பத்துப் பக்கங்களைத் திறக்கும் தொல்லையும் நீங்கிவிட்டது. செயற்கை நுண்ணறிவு அவற்றைச் சுருக்கி ஒரே பத்தியாகத் தருகிறது. 2025இல் பியூ ஆராய்ச்சி மையம் அமெரிக்கப் பயனர்களின் தேடல்களை ஆராய்ந்தபோது, இத்தகைய சுருக்கம் தோன்றிய தேடல்களில் 8 சதவீதத்தில் மட்டுமே ஏதாவதொரு முடிவு சொடுக்கப்பட்டது. சுருக்கம் இல்லாதபோது அது 15 சதவீதம். சுருக்கத்துக்குள் இருக்கும் மூலச் சுட்டியைச் சொடுக்கியது 1 சதவீதத்தில்தான்.

சுருக்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். நானும் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் நிபந்தனை உதிரும் வேகம் அங்கே உச்சத்தை அடைகிறது. 2024 மே மாதம் கூகுளின் சுருக்கம், பீட்சாவில் பாலாடைக்கட்டி வழுக்காமல் இருக்கப் பசை சேர்க்கலாம் என்றது. அதன் மூலம், ரெடிட் தளத்தில் பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதிய கேலிக் குறிப்பு. எழுத்து முழுமையாக வந்து சேர்ந்தது, கேலி என்ற ஒரே நிபந்தனை மட்டும் வழியில் விழுந்துவிட்டது. 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்துகொடுத்த தீர்ப்புகளை உண்மை என்று தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. அந்தச் செய்தியில் பலரும் கவனிக்காத ஒரு விவரம் உண்டு. வழக்கறிஞர் சரிபார்க்காமல் இருந்துவிடவில்லை. இந்தத் தீர்ப்புகள் உண்மைதானா என்று அதே இயந்திரத்திடம் கேட்டார். ஆம் என்றது.

எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்

எல்லாவற்றுக்கும் மெனக்கெட வேண்டியதில்லை என்பதே என் கட்சி. மென்பொருள் ஒன்று ஒரு பிழைச்செய்தி காட்டி நின்றுவிட்டால், அந்தச் செய்தியை அப்படியே மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடி, யாரோ ஒருவர் ஏதோ ஒரு மூலையில் எழுதிய தீர்வைச் செய்து பார்க்கலாம். எழுதியவர் யார் என்று அறியத் தேவையில்லை. சரியென்றால் நொடியில் தெரியும், தவறென்றாலும் நொடியில் தெரியும். உலகமே அங்கே சரிபார்ப்பாளராக நிற்கிறது. ஒரு மருந்தைத் தொடர்ந்து உண்பது, சேமிப்பை ஓரிடத்தில் போடுவது, ஒரு சட்டப் பிரிவை நம்பிக் கையெழுத்திடுவது ஆகியவற்றில் தவறு என்று தெரிய ஆண்டுகள் ஆகும். தெரியும்போது திருத்த வழியிருக்காது. விளைவு எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவு தூரம் மூலத்தை நோக்கிப் பின்னால் நடப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். தேடுபொறிகள் இந்த இரு வகைக் கேள்விகளுக்கும் ஒரே முகத்தோடு விடை தருகின்றன, அந்த வேறுபாட்டை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

பின்னால் நடப்பதற்கு உபாயங்கள் கடினமானவை அல்ல. ஒரு பக்கத்தில் சற்று விசித்திரமாக அமைந்த ஒரு வாக்கியத்தை எடுத்து இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால், அதே வாக்கியம் எத்தனை தளங்களில் உலவுகிறது என்று தெரிந்துவிடும். பத்துச் சாட்சிகள் ஒன்றாகச் சுருங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். குறிப்பிட்ட தேதிக்கு முந்தைய பக்கங்களை மட்டும் கேட்கும் வசதியைக் கொண்டு ஆண்டு ஆண்டாகப் பின்னே தள்ளிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் பேச்சு சட்டென்று நின்றுவிடும். அதற்கு அருகில்தான் மூலம் இருக்கும். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் தேதியை மட்டும் நம்பக் கூடாது. பழைய கட்டுரைக்குப் புதுத் தேதி போடுவது இத்தொழிலில் அன்றாட வழக்கம். 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்துவரும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் முகவரியை இட்டால், அந்தப் பக்கம் முதலில் எப்போது பதிவானது, அன்று அதில் என்ன இருந்தது என்று தெரியும். மருத்துவம் என்றால் பொதுத் தேடலை விட்டு, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்துக்குப் போய், அங்கும் தனி ஆய்வுகளை விட்டு, பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் மதிப்பாய்வு உண்டா என்று முதலில் பார்க்கிறேன். சட்டமும் விதியும் என்றால் அதை விளக்கும் பக்கங்களைத் திறப்பதற்கு முன் அதைப் பிறப்பித்த அமைப்பின் ஆவணத்தைத் திறக்கிறேன். படிக்க வறட்சியாக இருக்கும், ஆனால் நிபந்தனைகள் உதிராமல் இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

இப்படித் தேடும் பழக்கம் வந்த பிறகு உறவினரும் நண்பரும் தங்களுக்கு வந்த செய்திகளை எனக்கு அனுப்பி, இது நிஜமா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சிலவற்றுக்கு ஆம் என்றும் சிலவற்றுக்கு இல்லை என்றும் சொல்ல முடிகிறது. அதிகமானவை மூன்றாம் வகை: பின்னால் நடந்துபோனால் ஓர் ஆண்டில் தடம் அறுந்துவிடுகிறது, அதற்கு முன் அதைச் சொன்னவர் யாரையும் காணோம். மூலம் கிடைக்கவில்லை என்று எழுதினால் அவர்களுக்குத் திருப்தி இருப்பதில்லை. “சரிப்பா, அப்படியென்றால் நிஜமா பொய்யா, அதைச் சொல்” என்று அத்தை ஒருவர் திரும்பக் கேட்டார். தடம் அறுந்த ஆண்டையும், அந்த ஆண்டில் அதை முதலில் வெளியிட்ட தளம் எதை விற்றுக்கொண்டிருந்தது என்பதையும் அவருக்கு எழுதி அனுப்பினேன்.